'விழிப்புணர்வு குறைவு' என்று எழுதுவதற்கு முன்



இரண்டு மாதத்துக்கு முன்பு தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் திருமணமானவர்கள் ஆணுறை பற்றி என்ன தெரிந்துவைத்திருக்கிறார்கள், எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று சாதிவாரியாக, மதவாரியாக ஆய்வு செய்யப்போகிறார். கேள்வித்தாளைத் திருத்தித் தரச் சொன்னார். முதல் பக்கத்திலேயே கருதுகோள் எழுதியாகிவிட்டது: பட்டியல் சாதியினரிடம் விழிப்புணர்வு குறைவாக இருக்கும், கலாச்சாரத் தடையே காரணம்.

"இன்னும் ஒரு வீட்டுக்கும் போகலையே தம்பி, அதுக்குள்ள எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஹைப்பாதிசிஸ் இல்லாம கைடு கையெழுத்துப் போட மாட்டாங்கக்கா."

தம்பியும் காலனியில் பிறந்து வளர்ந்தவர்தான். தன் அம்மாவையும் சின்னம்மாவையும் மாமன்மாரையும் பற்றித்தான் அந்த வரியை எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அவரோடு பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலரும் இப்படி ஒரு கேள்வித்தாளோடு நம் தெருக்களுக்குள் போகப்போகிறவர்கள்.

இந்த மாதிரி ஆய்வுக்கு 'அறிவு, மனப்பான்மை, நடைமுறை' ஆய்வு என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கேஏபி' என்பார்கள். 1950களிலும் 60களிலும் ஏழை நாடுகள் பூராவும் இதை நடத்தினார்கள். எங்கே போனாலும் ஒரே முடிவு வந்தது: கருத்தடை தெரியும் என்கிறார்கள், நல்லது என்கிறார்கள், ஆனால் பயன்படுத்துவதில்லை. இந்த இடைவெளிக்கு மக்களின் அறியாமை என்று பெயர் வைத்தார்கள்.

பஞ்சாபில் லூதியானா பக்கம் கன்னா என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1953 முதல் 1960 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். வீடு வீடாகக் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள், ஜனங்களும் வாங்கிக்கொண்டார்கள். பிறப்பு விகிதத்தில் சொல்லும்படியாக எதுவும் மாறவில்லை. பிற்பாடு மஹ்மூத் மம்தானி என்ற ஆய்வாளர் அதே கிராமங்களில் ஒன்றான மனுபூருக்குப் போய் உட்கார்ந்து பேசினார். (நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்தாரே ஜோரான் மம்தானி, அவருடைய அப்பா.) ஊர்க்காரர்கள் சொன்னது எளிமையானது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நல்ல விதமாகப் பேசியவர்களிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டோம். ஒருவர் அந்த மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம் மாதிரி செய்து வீட்டில் வைத்திருந்தார். பிள்ளைகள் வேண்டும் என்பதற்கு அவர்களிடம் காரணங்கள் இருந்தன: நிலத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும், வயதான காலத்தில் சோறு போட ஆள் வேண்டும். அதைக் கேள்வித்தாள் கேட்கவே இல்லை. 1972இல் மம்தானி இதைப் புத்தகமாக எழுதினார். சமூகவியல் படிக்கும் தோழர்கள் தேடிப் பிடித்து வாசியுங்கள்.

ஆக, 'தெரியும்', 'தெரியாது' என்ற பதில்களை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் அறிவை அளக்க முடியாது என்பது தெரிந்தே ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊரில் இந்த ரப்பர் உறை யார் கையிலிருந்து, எதற்காக, எந்தக் கடை வழியாக வந்தது என்று பார்க்காமல் அந்தப் பதில்களுக்கு அர்த்தம் கிடைக்காது.

சென்னையில் 1928இல் நியோ மால்தூசியன் லீக் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெரும்பாலும் உயர்சாதி வக்கீல்கள், நீதிபதிகள். மக்கள்தொகை பெருகினால் நாடு தாங்காது, 'தரமான' சந்ததி வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. அதே காலத்தில் பெரியார் குடிஅரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காக, குடும்ப வருமானத்துக்காக, நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், தாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் தெளிவாகவே பிரித்துச் சொன்னார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது.

பம்பாயில் ஆர்.டி. கார்வே என்பவர் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழில் பாலுறவு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் கார்வேவுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். வழக்கு தோற்றது. நான்கு வருடம் கழித்து, 1938 நவம்பரில், பம்பாய் சட்டசபையில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: கருத்தடை வசதிகளை அரசே மக்களுக்குச் செய்துதர வேண்டும். அன்று அண்ணல் சபையில் இல்லை. அவர் தயாரித்த உரையைப் பி.ஜே. ரோஹம் வாசித்தார். பிரசவ வலியை ஆண்கள் பட வேண்டியிருந்தால் எவனும் ஒரு பிள்ளைக்கு மேல் சம்மதிக்க மாட்டான் என்ற பொருளில் அதில் ஒரு வாதம் வரும். தீர்மானம் பெரும்பான்மை வாக்கில் தோற்கடிக்கப்பட்டது.

தம்பிக்கு இது ஆச்சரியமாக இருந்தது. அரசியல் சட்டம் தெரியும், பூனா ஒப்பந்தம் தெரியும், இது தெரியாது என்றார். கருத்தடையைப் பற்றிய அறிவு நமக்கு மேலிருந்து வந்து ஊற்றப்பட வேண்டிய ஒன்று என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். அதைச் சட்டசபை வரை கொண்டுபோன ஆள் நம்மவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கருத்தடையைக் கையில் எடுத்தது. ஆனால் எடுத்தது அண்ணல் கேட்ட காரணத்துக்காக இல்லை, மால்தூசியன் லீக்காரர்கள் சொன்ன காரணத்துக்காக. 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை ராஜ்யம் அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் கமிஷன் உண்டு. நாட்டிலேயே இதில் முன்னோடி நாம்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

ஆணுறை கொஞ்சம் தாமதமாக வந்தது. கல்கத்தாவின் இந்திய மேலாண்மை நிறுவனத்தில் 1964இல் ஒரு திட்டம் தயாரித்தார்கள். ஆணுறையை ஐந்து பைசாவுக்கு விற்க வேண்டும், டீத்தூளும் சோப்பும் போகிற வழியிலேயே அதுவும் கிராமத்துக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் யோசித்த பெயர் 'காமராஜ்' என்றும், ஆளும் கட்சித் தலைவர் பெயராகப் போய்விட்டதால் கைவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கடைசியில் 'நிரோத்' என்று சமஸ்கிருதத்தில் வைத்தார்கள். 1968இல் விற்பனைக்கு வந்தது, மூன்று பதினைந்து பைசா. முதலில் வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். 1969இல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேடக்ஸ் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், யூனியன் கார்பைடு ஆகிய கம்பெனிகளின் வண்டிகளில் நிரோத் ஊர் ஊராகப் போனது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். டீத்தூள் போகிற வழி என்றால் என்ன வழி? டீக்கடை. பெட்டிக்கடை. ஊர்த்தெருவில் இருக்கிற கடை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டிக் கொடுமைக்குப் பிறகு பக்கத்து இறையூருக்கு மாவட்ட ஆட்சியர் போனபோது, அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததை நாடே செய்தியில் பார்த்தது. 2022இல் இந்த நிலைமை என்றால், 1968இல் காலனியிலிருந்து ஒருவர் அந்தக் கடை முன்னால் தள்ளி நின்று, சிரட்டையில் டீ வாங்குகிற இடத்தில், 'ஒரு நிரோத் குடுங்க சாமி' என்று கேட்டிருப்பாரா? மேலாண்மைப் படிப்பு படித்தவர்களுக்குக் கடை என்றால் பொருள் விற்கிற இடம். நமக்குக் கடை என்றால் எங்கே நிற்பது, எப்படிக் கேட்பது, யார் பார்ப்பது எல்லாம் சேர்ந்தது. அந்தத் திட்ட அறிக்கையில் சாதிக்கு ஒரு பத்தி இருந்திருக்குமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சுகாதாரத் துறை வழியாக இலவச நிரோத்தும் வந்தது. அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: வருடத்துக்கு 72 உறை கொடுத்தால் ஒரு தம்பதி 'பாதுகாக்கப்பட்டார்கள்'. கொடுத்த எண்ணிக்கையை 72ஆல் வகுத்து மேலே அனுப்பிவிடுவார்கள். உறை போன இடம் யாருக்கும் கவலையில்லை. பிள்ளைகள் ஊதி விளையாடிய பலூன்களும் அந்தக் கணக்கில் தம்பதிகள்தான். எங்கள் அப்பா சின்ன வயதில் ஊதியது அந்த பலூனைத்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

உறையைவிடக் கத்திதான் அரசுக்குப் பிடித்தது. ஒருமுறை செய்தால் போதும், எண்ணிக்கை உறுதி. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை செய்தார்கள். பணமும் பொருளும் கொடுத்தார்கள். பட்டினி கிடப்பவனுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவசரநிலை. 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு. அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. இந்திரா காந்தி தேர்தலில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தோல்வியிலிருந்து அரசாங்கம் கற்றது ஒன்றே ஒன்று: ஆண்கள் மேல் கை வைத்தால் ஓட்டுப் போகும். குடும்பக் கட்டுப்பாடு 'குடும்ப நலம்' என்று பெயர் மாறியது, கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு மாதா மாதம் இலக்கு. 'கேஸ் பிடிக்க' வேண்டும். இலக்கு முறை 1996இல் காகிதத்தில் ஒழிந்தாலும் அந்தச் சொல் இன்னும் ஒழியவில்லை. செவிலியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் மேலே பதில் சொல்ல வேண்டிய பெண்கள்தான். ஆனால் எந்தத் தெருவில் 'கேஸ்' சுலபமாகக் கிடைக்கும் என்று அமைப்புக்குத் தெரியும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள்; அந்த நாட்களில் அங்கே நடந்த முகாம்களில் 13 பேர் செத்தார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களையே நிறுத்தச் சொன்னது.

இந்த இடத்தில் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "அப்ப ஆம்பளைங்க தப்பே இல்லையாக்கா?" நல்ல கேள்வி. இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) ஆண்களில் 35 சதவீதம் பேர் கருத்தடை பெண்களின் வேலை, ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். நம் தெரு ஆண்களும் அதில் அடக்கம். மேடையில் அண்ணலைப் பேசிவிட்டு வீட்டில் மனைவியை ஆப்பரேசனுக்கு அனுப்பும் தோழர்களை எனக்கு நேரில் தெரியும். வாசக்டமி சின்னது, வலி குறைவு என்று எடுத்துச் சொன்னால், 'மூட்டை தூக்குறவன், தெம்பு போயிரும்' என்பார்கள். உடல் உழைப்பை விட்டால் வேறு சொத்தில்லாதவரின் பயம் அதில் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மனைவியும் அதே மூட்டையைத் தூக்குகிறவள் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

ஆணுறை இரண்டாவது முறையாக நம் ஊருக்கு வந்தது எய்ட்ஸ் கூட. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் பிடிபட்டு அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தார்கள். பெரிய மருத்துவச் சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு அது என்னவாக முடிந்தது? தொற்று உள்ளவர்கள் என்று தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். நீதிமன்றம் போய்த்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. பாலியல் தொழிலாளியின் பையில் ஆணுறை இருந்தால் அதையே குற்றத்துக்குச் சாட்சியாக போலீஸ் காட்டுவது பல ஊர்களில் நடந்தது. ஒரு கை உறையைக் கொடுக்கிறது, இன்னொரு கை அதை வைத்திருந்ததற்காகப் பிடிக்கிறது.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா வேறு மாதிரி தொடங்கினார். சுரங்கத் தொழிலாளிக்குத் தலைக்கவசம் மாதிரி பாலியல் தொழிலாளிக்கு ஆணுறை என்று பேசினார். அந்தப் பெண்களையே பயிற்றுநர்களாக்கினார். 1995இல் அவர்கள் தங்களுக்கென்று துர்பார் என்ற சங்கமும் கட்டினார்கள். தனியாக ஒருத்தி 'உறை போடு' என்றால் வாடிக்கையாளன் அடுத்த வீட்டுக்குப் போவான். எல்லோரும் சேர்ந்து சொன்னால் போக இடம் கிடையாது. ஆணுறைப் பயன்பாடு கூடியது. தொழிற்சங்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

தமிழ்நாட்டில் 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள் என்று குழு பிரித்து வேலை நடந்தது, தொற்றும் குறைந்தது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேட்ட காலத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வகுப்பில் ஒரு பையனுக்கு அந்தப் பட்டப்பெயர் கடைசிவரை போகவில்லை. அந்தத் தலைமுறைக்கு ஆணுறை என்றால் எய்ட்ஸ், எய்ட்ஸ் என்றால் தப்பான பழக்கம். கணவனிடம் ஒரு பெண் ஆணுறை கேட்டால், 'என்னைச் சந்தேகப்படுறியா?' அல்லது 'உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?' இரண்டில் ஒன்று வரும். அதே காலத்தில், 1991 முதல், பட்டணத்துக்காரர்களுக்கு 'காமசூத்ரா' என்ற பெயரில் பளபளப்பான விளம்பரங்களோடு இன்னோர் ஆணுறை விற்றார்கள். அது இன்பத்துக்கு. நமக்குக் கிடைத்தது முதலில் எண்ணிக்கைக்கு, பிறகு நோய்க்கு.

இப்போது கணக்கெடுப்பைப் பாருங்கள். அதே 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.1 சதவீதம். ஆணுறை இந்திய அளவில் 9.5 சதவீதம், தமிழ்நாட்டில் அதைவிட வெகு கீழே. தமிழ்நாடு படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணி மாநிலம் என்கிறோம். விழிப்புணர்வுதான் காரணம் என்றால் இங்கே ஆணுறை கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்? தொடர்ந்து பயன்படுத்தினால் எச்ஐவி ஆபத்து குறையும் என்று நாடு முழுக்க ஆண்களில் 82 சதவீதம் பேருக்குத் தெரிந்திருக்கிறது. பெண்களில் 68.4. கருத்தடை முறை ஒன்றுகூடத் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கலாச்சாரம் என்ற சொல்லையும் இங்கே சோதித்துவிடலாம். முஸ்லிம்கள் கருத்தடையே செய்வதில்லை என்று வாட்சப்பில் வரும். அவர்களிடையே அறுவை குறைவுதான், ஆனால் மாத்திரை போன்ற தற்காலிக முறைகள் கூடுதல். கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் கணவன் வளைகுடாவிலும் மலேசியாவிலும் வருடக்கணக்கில் இருக்கும் வீடுகளில் கருத்தடைத் தேவையே வேறு மாதிரி. அதை மதம் என்று அட்டவணையில் போட்டால் பாஸ்போர்ட் மறைந்துபோகும்.

கல்யாணம் ஆகாத பிள்ளைகளைப் பற்றிக் கேள்வித்தாளில் ஒன்றுமே இல்லை என்பதையும் தம்பியிடம் சொன்னேன். சாதி நிற்பது அகமணத்தின் மேல், அகமணம் நிற்பது பெண்ணுடலைக் காவல் காப்பதன் மேல் என்று 1916இலேயே கொலம்பியாவில் அண்ணல் வாசித்த கட்டுரை சொல்கிறது. சின்ன ஊர் மெடிக்கலில் ஒரு பையன் ஆணுறை கேட்டால் கடைக்காரர் முகத்தில் முதலில் ஓடுவது 'இவன் எந்தத் தெரு, யாரோடு?' என்ற கேள்விதான். காலனிப் பையன் என்றால் அந்தக் கேள்விக்கு உயிர்ப்பயமும் உண்டு. இதற்கும் 'விழிப்புணர்வு முகாம்' போட முடியுமா?

போன மழைக்கு முன்னால் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சு இந்தப் பக்கம் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, வாயில் வெற்றிலையோடு, "நிரோத்தெல்லாம் தெரியும் தாயி. நர்ஸம்மா கொண்டாந்து குடுத்தா. எங்க வூட்டு ஆளு தூக்கி எறிஞ்சுட்டாரு. ரெண்டாவது பிரசவத்துல அப்படியே ஆப்பரேசனையும் பண்ணிவிட்டுட்டாங்க. இன்னும் குறுக்கு வலிக்குது. அதப் பத்தி ஒருத்தரும் வந்து கேக்கலையே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வலியைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்போது காற்று மறுபடி திசை மாறுகிறது. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையும் என்பதால் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025இல் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொண்டார். டெல்லி செய்யும் அநியாயம் எனக்கும் தெரியும். இருந்தாலும் 'இரண்டு போதும்' என்று கேட்டது யார் கருப்பையிடம், இப்போது 'பெற்றுக்கொள்' என்று கேட்பது யார் கருப்பையிடம் என்று நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

தம்பி கருதுகோளை அடித்துவிட்டார். கேள்வித்தாளில் நான்கு கேள்விகள் புதிதாகச் சேர்த்திருக்கிறார். இதைப் பற்றி உங்களிடம் முதலில் பேசியவர் யார்? எங்கே நிற்கவைத்துப் பேசினார்? நீங்கள் கேட்டுக் கிடைக்காத மருத்துவ உதவி எது? அறுவைக்குப் பிறகு யாராவது திரும்ப வந்து பார்த்தார்களா? 'ஆம், இல்லை' கட்டங்களுக்குள் இவை அடங்கவில்லை. இதை எப்படி அட்டவணையாக்குவது என்று கைடு கேட்கிறாராம். உங்களில் யாராவது இந்த மாதிரி களத்தில் செய்திருந்தால் தம்பிக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் திருமயம் பக்கம் வேலையைத் தொடங்குகிறார்.